தாய்மாமன் சீரை மாசத் தவணையா மாத்துங்க

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வரின்னு பேசுவோம். இன்னைக்கும் பணம்தான் பேசப்போறோம், ஆனா குழந்தைக்குப் புற்றுநோய் வந்த ஒரு வீட்டோட பணம்.

வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு வீட்ல குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சா முதல் வாரம் என்ன நடக்கும்? சொந்தபந்தம் மொத்தமும் வந்து பார்க்கும். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கையில ஐநூறு, ஆயிரம். வேலைக்குப் போற மாமா, சித்தப்பா எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய தொகை திரட்டிக் குடுப்பாங்க. மனசு பெரிசுதான். ஆனா அந்தக் குடும்பத்துக்கு நம்ம பணம் முதல் வாரத்தைவிட எட்டாவது மாசம், பதினஞ்சாவது மாசம்தான் அதிகமா தேவைப்படும்ங்கறது என்னோட கருத்து.

காரணம் சொல்றேன். குழந்தைகளுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. இதுக்குச் சிகிச்சை 2 முதல் 3 வருஷம் வரை போகும். முதல் கட்ட கீமோ முடிய ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். அது முடியறப்பவே பெரும்பாலான குழந்தைகளுக்குப் பரிசோதனையில நோய் கண்ணுக்குத் தெரியாது. குழந்தை சாப்பிடும், ஓடி விளையாடும். “சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு அலையணும்?”னு வீட்ல ஒருத்தர் கேட்பாங்க. அங்கதான் ஆபத்து. ஒளிஞ்சிருக்கிற செல்கள் மிச்சம் இருக்கும். பாதியில நிறுத்தினா நோய் திரும்ப வரும், அப்போ குணப்படுத்துறது ரொம்பக் கஷ்டம்.

வசதியான நாடுகள்ல புற்றுநோய் வந்த குழந்தைகள்ல 80 சதவீதத்துக்கு மேல குணமாகறாங்கன்னும், ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலதுல 30 சதவீதம்கூட இல்லன்னும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தாமதமா கண்டுபிடிக்கிறது, மருந்து கிடைக்காததுன்னு பல காரணம் இருக்கு. அதுல ஒண்ணு, சிகிச்சையைப் பாதியில விடறது.

நமக்கு கோரிமேட்டுலயே ஜிப்மர் இருக்கு, அங்க மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கு. அப்புறம் ஏன் ஒரு குடும்பம் நிறுத்தும்? மருந்துச் செலவு ஒரு பங்குதான். பாகூர்லேர்ந்து கிளம்பி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுல மாறி, கோரிமேடு போகணும். கீமோவுல எதிர்ப்பு சக்தி குறைஞ்ச குழந்தையைக் கூட்ட பஸ்ல ஏத்த முடியாது. ஆட்டோ பிடிக்கணும். அப்பா கம்பெனியில கான்ட்ராக்ட்னா, போகாத நாளுக்குச் சம்பளம் இல்ல. அம்மாவும் வேலைக்குப் போக முடியாது. வீட்ல இருக்கிற இன்னொரு பிள்ளையை யார் பார்க்கறது? ஆயுஷ்மான் கார்டுல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். ஆனா வருஷக்கணக்குல அலையற ஆட்டோ வாடகையும் போன கூலியும் அதுல வராது. அங்கதான் நகை அடகுக்குப் போகுது, அப்புறம் வட்டிக்கடன்.

இப்போ மாமாவா, சித்தியா இருக்கிற உங்ககிட்ட வர்றேன். அக்கா பொண்ணை உங்க இஎஸ்ஐ-ல சேர்க்க முடியாது. கம்பெனி இன்சூரன்ஸும் பொதுவா உங்க மனைவி, பிள்ளை, பெற்றோரோட நின்னுடும். 80டிடிபி வரிச்சலுகையும் அக்கா பொண்ணு செலவுக்குக் கிடையாது. எந்த ஃபார்ம்லயும் தாய்மாமன்னு ஒரு கட்டம் இல்ல. ஆனா நம்ம ஊர்ல மொட்டை போட்டு காது குத்த மடியில உட்கார வைக்கிறது யாரு? அந்த உரிமை இருக்கிறவருக்கு இந்தக் கடமையும் இருக்கு.

என்ன செய்யலாம்?

முதல்ல, மாசத் தொகை. ஒரே தடவை 24,000 குடுக்கிறதைவிட, 24 மாசம் மாசம் 1,000 குடுங்க. சம்பளம் வந்த மறுநாளே எஸ்ஐபி மாதிரி ஆட்டோமேட்டிக்கா போகட்டும். நாலு பேர் சேர்ந்தா ஆட்டோ செலவு நிக்கும். அவங்க வாய்விட்டுக் கேட்கற நிலைமையும் வராது.

ரெண்டாவது, உங்க லீவைக் குடுங்க. மாசம் ஒரு சிஎல் போட்டு நீங்க குழந்தையோட ஆஸ்பத்திரிக்குப் போனா, அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சும். “வேலையை விட்டுட்டுப் புள்ளைய பாரு”ன்னு அவருக்கு யோசனை சொல்லாதீங்க. அவருக்கு இஎஸ்ஐ இருந்தா பிள்ளையும் அதுல வரும். இப்போதைய சம்பள வரம்பு மாசம் 21,000 ரூபாய். வேலை போனா சம்பளத்தோட அந்தப் பாதுகாப்பும் போயிடும். ரொம்ப நெருக்கடின்னா, வட்டிக்கு வாங்கறதுக்கு முன்னாடி அவரோட பிஎஃப்-ல மருத்துவத்துக்காக எடுக்க முடியுமான்னு பாருங்க. அது அவர் பணம், வட்டி கிடையாது.

மூணாவது, காய்ச்சல் பணம். கீமோ எடுக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. கார் வாடகைக்கு அந்த வீட்ல எப்பவும் கைக்காசு இருக்கணும். எடுத்தா அடுத்த நாளே நிரப்புங்க.

நாலாவது, காசே வேணாம். இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி தட்டணு, அதாவது பிளேட்லெட் ஏத்த வேண்டி வரும். எடுத்த பிளேட்லெட் ஏறக்குறைய 5 நாள்தான் தாங்கும், சேமிச்சு வைக்க முடியாது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல தகுதியான பத்து பேர் லிஸ்ட் இப்பவே போட்டு வைங்க.

“எனக்கே இஎம்ஐ இருக்கு ப்ரோ”ன்னு சிலர் சொல்வீங்க. நியாயம்தான். அதனாலதான் தாங்கக்கூடிய சின்னத் தொகையா வைக்கச் சொல்றேன். கடன் வாங்கிப் பெருசா குடுத்துட்டு மூணாவது மாசம் போனை எடுக்காம இருக்கறதைவிட, மாசம் 500 தவறாம அனுப்பறவர்தான் அந்தக் குழந்தை கடைசி மாத்திரை வரை போக உதவுறார். உங்க சொந்தத்துல இப்படி ஒரு வீடு இருந்தா, இந்தச் சம்பளத்துலேர்ந்தே ஆரம்பிங்க.