கணக்கு எழுதிய கடிதங்களைக் கிழிக்காதீர்கள்

வீடு காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவது பழைய கடிதங்கள்தான். பித்தளை அண்டாவுக்குப் பங்கு கேட்பார்கள், தேக்கு பீரோவுக்குப் பங்கு கேட்பார்கள். கடிதக் கட்டில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று யாராவது கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அஞ்சல் துறையில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

எல்லாவற்றையும் எடைக்குப் போடாமல் சிலவற்றை எடுத்து வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் எதை எடுத்து வைக்கிறார்கள்? அப்பா அம்மாவுக்கு எழுதியது, அண்ணன் பட்டாளத்தில் இருந்து எழுதியது, பாசமாக நாலு வரி உள்ளது. "இதெல்லாம் வெறும் கணக்கு" என்று மற்றவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் கணக்குக் கடிதத்தை வையுங்கள் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் குடும்பக் கடிதம் வேறு, வியாபாரக் கடிதம் வேறு என்று கிடையாது. நம் நாட்டில் தபால் கார்டு வந்தது 1879-ல். விலை காலணா. அந்தக் காலணாவுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். எங்கள் தாத்தா திருத்தணியில் வேர்க்கடலை வியாபாரம் செய்தவர். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, அரக்கோணம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கொடுக்கல் வாங்கல். அவருக்கு வந்த கார்டுகளில் மேலே பிள்ளையார் சுழி, அடுத்து க்ஷேம சமாசாரம், அதற்கடுத்து மூட்டை என்ன விலைக்குப் போயிற்று, யார் பாக்கி, எந்த மாடு சினை, பெண்ணுக்கு எந்த ஊரில் இருந்து ஜாதகம் வந்தது, கடைசியில் ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரி: ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு எட்டுப் பேர் வருகிறோம், தங்க இடம் வேண்டும். அன்பு ஒரு கட்டு, கணக்கு ஒரு கட்டு என்று இதை எப்படிப் பிரிப்பது?

வந்த கார்டுகளை ஒரு வளைந்த கம்பியில் குத்தி மாட்டுவார்கள். சாவுச் செய்தி கார்டு மட்டும் படித்தவுடன் கிழிபடும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. மற்றதெல்லாம் கம்பியில் ஏறும். அந்தக் கம்பிதான் அன்றைய பைல். அது பாசத்துக்காக வைத்ததல்ல, நாளைக்குப் பாக்கியில் தகராறு வந்தால் காட்டுவதற்காக வைத்தது. அப்படிப் பார்த்தால் நம் வீட்டுக் கடிதங்கள் பிழைத்திருப்பதே கணக்கின் புண்ணியம்.

இப்படிப் பிழைத்த எழுத்துக்குப் பெரிய உதாரணம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேவின் துபாஷியாக இருந்தவர். 1736-ல் தொடங்கி 1761-ல் மறையும் வரை நாட்குறிப்பு எழுதினார். சரக்கு, கப்பல், கடன், வீட்டு விசேஷம், நல்ல நேரம், கவர்னர் சொன்னது எல்லாம் ஒரே ஏட்டில் கலந்து கிடக்கும். அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-ல்தான் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இன்று தென்னிந்தியாவின் 18-ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் எழுத முடியாது. இடைப்பட்ட 85 ஆண்டுகளில் யாராவது "வியாபாரக் கணக்குதானே" என்று அடுப்பில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செட்டிநாட்டுக் கடிதங்களையும் சொல்ல வேண்டும். 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு நகரத்தார் அங்கே வட்டிக்கடை வைத்தார்கள். முதலாளி ஊரில், ஏஜெண்ட் ரங்கூனில். பெரும்பாலும் மூன்று வருட ஒப்பந்தம். அந்த மூன்று வருடமும் இரு பக்கத்தையும் கட்டி நிறுத்தியது கடிதமும் உண்டியலும்தான். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வரவேண்டியதாயிற்று. நிலம் போய்விட்டது, கடையும் போய்விட்டது. ஊரில் மிஞ்சியது காகிதம்தான். அந்த மண்ணில்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா என்கிற தனி மனிதர் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் தள்ளியதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கியது.

இதுவரை சொன்னது பெரிய மனிதர்களின் காகிதம். நான் சொல்ல வந்தது அதுவல்ல, அந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கிறவர்களைப் பற்றி.

அமெரிக்காவில் வர்ஜீனியா என்ற மாநிலம். 1800களின் தொடக்கத்தில் அங்கே புகையிலையும் கோதுமையும் பயிரிட்ட பண்ணையார் குடும்பங்கள் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டன. அவர்களில் ஒருவரான தாமஸ் ஜெபர்சன், 1801 முதல் 1809 வரை அந்நாட்டின் ஜனாதிபதி, இரண்டு பேனா பூட்டிய ஒரு கருவியை வைத்துக்கொண்டு, எழுதும்போதே நகலும் தயாராகும்படி எழுதினார். அந்தக் குடும்பங்களின் கடிதங்களிலும் நம் தாத்தா கார்டு போலத்தான்: விளைச்சல், கடன், மகளின் பிரசவம். அவற்றுக்கு நடுவே, மாடு குதிரையைச் சொல்வது போல, அடிமைகளின் பெயர்களும்.

அந்த அடிமைகளின் வம்சத்தார் இன்று தங்கள் பாட்டன் முப்பாட்டனைத் தேடுகிறார்கள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குப் பொதுவாகப் பெயரே எழுதவில்லை. முதலாளி பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா என்பது போன்ற விவரங்கள் மட்டும். 1870-ல்தான் எல்லாருக்கும் பெயர் வந்தது. அதற்கு முன்னால் போகவேண்டும் என்றால் முதலாளி வீட்டுக் கடிதமும் கணக்குப் புத்தகமும்தான் கதி. எழுதியவர் அதை வரலாறு என்று எழுதவில்லை, சொத்துக் கணக்கு என்று எழுதினார். ஆனால் அந்தக் கணக்குதான் இன்னொரு குடும்பத்துக்கு வம்சாவளி.

நம் ஊரில் நிலைமை அப்படியே அதுவல்ல. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். எங்கள் தாத்தா கடிதங்களில் கடலை பறித்தவர், மூட்டை தூக்கியவர், வண்டி ஓட்டியவர், இரண்டு படி நெல் கடன் வாங்கியவர் என்று பெயர்கள் வருகின்றன. அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நிலம் இல்லாததால் பட்டாவிலும் பெயர் இல்லை. அவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்ததற்கு எழுத்து சாட்சி யாரோ ஒருவர் வீட்டுக் கம்பியில் தொங்கிய கார்டாக மட்டுமே இருக்கலாம். அதை எடைக்குப் போடும்போது நாம் போடுவது நம் தாத்தாவை மட்டுமல்ல.

திருத்தணிக்காரர்களுக்கு இதில் இன்னொரு அவசரம் இருக்கிறது. நம் ஊர் 1911-ல் பிரிக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் தமிழகத்தோடு சேர்ந்தது. நல்லதுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன் இங்கே பாதிப் பேருக்கு எழுத்து தெலுங்கில்தான். "இக்கட அந்தரு க்ஷேமம்" என்று தொடங்கும் கடிதங்கள் இன்றும் பல வீட்டுப் பரணில் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தாத்தாவின் கையெழுத்து அவர்களுக்கு வெறும் வட்டம் வட்டமாகத் தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் 80-ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்களும் போய்விட்டால் அந்தக் கையெழுத்தைப் பிரித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

"அதில் வீட்டு ரகசியம் இருக்குமே, எதற்கு வம்பு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பங்காளிச் சண்டை இருக்கும், இன்னொருவர் பட்ட கடன் இருக்கும், இன்று படித்தால் கூசுகிற சாதிப் பேச்சும் இருக்கும். நம் ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் வாழ்க்கை வரலாற்றை 1989-ல் எழுதியவர் அவருடைய மகன் கோபால். வரலாற்றுப் பேராசிரியர். தந்தையின் இல்லற வாழ்க்கையில் இருந்த குறைகளையும் அவர் மறைக்கவில்லை. அதனால் ராதாகிருஷ்ணனின் பெருமை குறைந்துவிடவில்லை. எல்லாரும் அப்படி வெளியே சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றுவது வேறு, ஊருக்குப் படித்துக் காட்டுவது வேறு. உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தும் என்றால் கட்டி, மேலே ஒரு வருடத்தை எழுதி, அதுவரை பிரிக்காதே என்று வையுங்கள். கிழித்துவிட்டால் அந்த முடிவை எடுக்கும் உரிமை பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கம்பியையும் குண்டூசியையும் எடுத்துவிடுங்கள், துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இரு பக்கமும் கைப்பேசியில் படம் எடுங்கள், முத்திரையில் தேதி தெரியும்படி. தெலுங்கு படிக்கத் தெரிந்த பெரியவரை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரு நோட்டில், கடிதத்தில் வருகிற ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் யார், எந்தத் தெரு, என்ன வேலை என்று எழுதுங்கள். மாமா, சித்தப்பா பெயரோடு நிறுத்தாதீர்கள். மூட்டை தூக்கியவர் பெயரையும் எழுதுங்கள். அவருடைய பேத்தி எங்கேயோ கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பாள். என்றாவது ஒருநாள் அவள் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஒரு வரியாவது இருக்கட்டும்.