கம்பெனி வேறு, எம்.டி. வேறு

பவானி தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம், "உள்ளே உட்கார்ந்திருக்கும் கிளார்க் யாருடைய ஆள்?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "கவர்மெண்ட் ஆளுங்க" என்பார். சரி, கவர்மெண்ட் என்றால் யார்? முதலமைச்சரா? சட்டமா? வரி கட்டுகிற அவரேதானா?

கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்வியை வைத்துத்தான் 2025 முழுக்க அமெரிக்காவில் அதிபருக்கும் அரசு ஊழியர்களுக்கும் கோர்ட்டு கோர்ட்டாக வழக்கு நடந்தது. தமிழ்நாடு இந்தப் பரீட்சையை 2003லேயே எழுதிவிட்டது. பேப்பரைத் திருத்திப் பார்த்தவர்கள்தான் குறைவு.

2003ல் நடந்தது இதுதான். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, பென்ஷன் சலுகை, விடுப்புச் சரண்டர் போன்றவற்றில் ஜெயலலிதா அரசு கை வைத்தது. அவற்றைத் திருப்பிக் கேட்டு ஜூலை 2ஆம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு கையில் எடுத்தது டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம். அது போதாதென்று, விசாரணை இல்லாமலே வேலையை விட்டு நீக்க வழி செய்யும் அவசரச் சட்டம் ஜூலை 4ஆம் தேதி வந்தது. சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ்! அவர்கள் இடத்தில் தொகுப்பூதியத்துக்கு ஆள் எடுக்கவும் ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு ஊருக்குள் பலருக்கு இதில் சந்தோஷம்தான். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. விசைத்தறியிலும் ஜமக்காளத் தறியிலும் ஓட்டினால்தான் கூலி என்று வாழ்பவருக்கு, மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குபவர் தெருவில் நின்று கோஷம் போட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஒரு கையெழுத்துக்காக நாலு தடவை அலைந்த ஒவ்வொருவரும் மனதுக்குள் கை தட்டினார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரத்துக்குக் கை தட்டுகிறோம் என்று பார்த்திருக்க வேண்டும்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான பாடம். கம்பெனி சட்டத்தில் முதலில் சொல்லித் தருவதே, கம்பெனி வேறு, அதை நடத்துபவர் வேறு என்பதுதான். எம்.டி. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கம்பெனி அவர் சட்டைப்பை அல்ல. அதிலும் ஆடிட்டர் விஷயத்தில் சட்டம் ரொம்பக் கறார். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பதவிக்காலம் முடியும் முன் ஆடிட்டரை நீக்க வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். ஏன்? கணக்கைக் கேட்கிறவரைக் கணக்கு காட்ட வேண்டியவரே வீட்டுக்கு அனுப்ப முடிந்தால், அந்தக் கணக்கை யார் நம்புவார்கள்?

இனி அமெரிக்காவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே கட்சி ஜெயித்தால் போஸ்ட்மாஸ்டர் வரைக்கும் ஆள் மாறும். அப்படி ஒரு பதவி தனக்குக் கிடைக்கும் என்று அலைந்து, கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் 1881 ஜூலை 2ஆம் தேதி அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அதன் பிறகுதான் 1883ல் பெண்டில்டன் சட்டம் வந்தது. தகுதித் தேர்வு எழுதி வேலைக்கு வா, கட்சி நன்கொடை தரவில்லை என்று யாரும் உன்னை நீக்க முடியாது என்றது அந்தச் சட்டம். முதலில் பத்தில் ஒரு பங்கு பதவிகளுக்குத்தான் அது பொருந்தியது. போகப் போக விரிந்தது.

அந்தச் சுவரைத்தான் இப்போது இடிக்கிறார்கள். கொள்கை சம்பந்தப்பட்ட பதவிகளில் இருப்பவர்களைச் சுலபமாக நீக்கும் 'ஷெட்யூல் எஃப்' ஆணையை டிரம்ப் 2020ல் போட்டார். பைடன் 2021ல் ரத்து செய்தார். 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, டிரம்ப் அதை மீண்டும் கொண்டுவந்தார். சுமார் 50,000 பதவிகள் இதில் சிக்கும் என்பது அரசின் மதிப்பீடு. அதே வாரத்தில் பல துறைகளின் தலைமை ஆய்வாளர்களையும் நீக்கினார். அவர்கள் யார் தெரியுமா? துறையின் செலவையும் முறைகேட்டையும் தோண்டிப் பார்க்கும் உள்தணிக்கை ஆட்கள்! நீக்குவதற்கு 30 நாள் முன்பே காரணத்தோடு காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நோட்டீஸ் போகவில்லை.

டிரம்ப் தரப்பு சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டது அதிபருக்கு. ஃபைலைப் பூட்டி வைக்கும் அதிகாரிக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஜெயித்தவர் சொன்னது நடக்க வேண்டாமா? நடக்க வேண்டும்தான். உத்தரவு போடும் உரிமை ஜெயித்தவருக்கு முழுசாக உண்டு. ஆனால் உத்தரவு போடுவது ஒன்று, காரணம் சொல்லாமல் சோற்றில் கை வைப்பது வேறொன்று. இரண்டாவது கையில் வந்துவிட்டால், சட்டத்துக்கு விரோதமான உத்தரவுக்குக்கூட 'முடியாது' என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்தியாவில் இதற்காகத்தான் அரசியல் சாசனத்தில் 311ஆவது பிரிவை வைத்தார்கள். குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டு, விசாரித்த பிறகே நீக்கலாம். சில விதிவிலக்குகள் தவிர இதுதான் பொது விதி. அப்படியானால் இங்கே ஊழியர்களுக்கு முழுப் பாதுகாப்பு என்று அர்த்தமா? இல்லை. இங்கே ஆயுதம் வேறு. அதன் பெயர் டிரான்ஸ்பர்.

பவானியில் இருந்து காவிரியைத் தாண்டினால் குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம். அங்கே கலெக்டராக இருந்த உ. சகாயம் 2009ல் தன் சொத்துக் கணக்கை மாவட்ட இணையதளத்தில் போட்டவர். பிறகு மதுரை கலெக்டராகி, 2012ல் கிரானைட் குவாரி முறைகேடுகள் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றம். 2014ல் அங்கிருந்தும் மாற்றம். அதே 2014ல் கிரானைட் விவகாரத்தை விசாரிக்க சென்னை உயர் நீதிமன்றம் அவரையே நியமித்தது என்பதுதான் வேடிக்கை! கடைசியில் 2021ல் விருப்ப ஓய்வில் போனார். டிஸ்மிஸ் என்றால் காரணம் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பருக்கு 'நிர்வாக நலன்' என்ற இரண்டு வார்த்தை போதும்.

ஓய்வு பெற்ற 83 அதிகாரிகள் போட்ட டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில், 2013 அக்டோபர் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே பேசியது. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்ச பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும், இடமாற்றத்தைப் பரிந்துரைக்க ஒரு வாரியம் வேண்டும் என்றது. மூன்றும் சாதாரண விஷயங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் 311க்கு உயிர் வரும்.

அப்படியானால் வேலை செய்யாத ஊழியரை என்ன செய்வது? பட்டாவுக்கு அலைபவரின் கேள்வி இதுதான். இதற்கு டிஸ்மிஸ் ராஜ்ஜியம் தேவையில்லை. 2010ல் மத்தியப் பிரதேசம் சேவை உரிமைச் சட்டம் போட்டது. சான்றிதழ் இத்தனை நாளில் தர வேண்டும், காரணமில்லாமல் தாமதித்தால் அந்த அதிகாரி அபராதம் கட்ட வேண்டும். பீகார், கர்நாடகம் என்று பிறகு பல மாநிலங்கள் இதே வழியில் போயின. இதில் தண்டனை உண்டு, ஆனால் அது விதியின் கையில் இருக்கிறது. ஒருவர் மூடு சரியில்லை என்பதற்காக 1.7 லட்சம் குடும்பம் ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டியதில்லை.

2003 கதையின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால், கைதானவர்கள், வழக்கு பதிவானவர்கள் போன்றோர் தவிர மற்றவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அரசு சொன்னது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழ்நாட்டில் ஒரு இடம்கூட ஜெயிக்கவில்லை. அது முடிந்த கையோடு, 2004 மே மாதத்தில், ஊழியர்கள் மீதான மிச்ச நடவடிக்கைகளும் வாபஸ் ஆயின.

கவனியுங்கள். போனதும் ஒருவர் முடிவால், வந்ததும் தயவால். நீக்கும் முன் 'உன் பக்கத்தைச் சொல்' என்று ஒரு தனி ஊழியரைக்கூட அரசு கேட்கவில்லை. வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் நீக்கும் முன்பே கேட்கப்படும் உரிமை கிடைக்கவில்லை.

அப்படி ஒருமுறை பயந்துபோன கிளார்க் அதற்குப் பிறகு யார் முகத்தைப் பார்த்து வேலை செய்வார்? மேலே இருப்பவர் முகத்தையா, ஜன்னலுக்கு வெளியே மனுவோடு நிற்பவர் முகத்தையா? அடுத்த தடவை யாராவது 'எல்லாரையும் தூக்கு' என்று சொல்லும்போது, கை தட்டும் முன் அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.