விண்மீனும் மலையூரும்

தொண்டை நாட்டின் மேற்கே, பாலாற்றுக்குத் தெற்கில், அலையலையாய் எழுந்து நிற்பது சவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இதனைத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்னும் மூன்று மாவட்டங்கள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. செய்யாறு பிறப்பது இம்மலையில்தான். சந்தனமும் தேனும் கடுக்காயும் சாமையும் இதன் செல்வங்கள். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கே சிற்றூர்களில் பரவி வாழ்கின்றனர். மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். பெயரை மட்டும் கேட்டு அவர்களைக் கேரள நாட்டாரென்று எண்ணுவோர் இன்னும் உளர்.

இம்மலையின்மேல், கடல் மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்தில், காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே காட்டின் நடுவே வெண்ணிறக் குவிமாடங்கள் நிற்கின்றன. வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் இருண்ட வானத்தையும் தெளிந்த இரவுகளையும் தேடி இவ்விடத்தைத் தேர்ந்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே ஆய்வு தொடங்கிற்று. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதனைக் காண வேணு பாப்பு உயிரோடில்லை. 1982இலேயே அவர் மறைந்தார். ஆய்வுக்கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருத்தலால், வடவானத்தின் பெரும்பகுதியையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம்.

தொலைநோக்கி என்றவுடன், அறிஞர் ஒருவர் கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துக் கோள்களைக் கண்டு மகிழும் காட்சியே பலர் மனத்தில் தோன்றும். இக்காலத்து வானியல் அத்தகையதன்று. வானியலார் படம் எடுக்கின்றனர், படத்தை அளக்கின்றனர். அளத்தலே தலையாய தொழில். அத்தொழிலைச் செய்வது கணிப்பொறி.

படத்தை அளத்தல் என்பது என்ன? தொலைநோக்கியின் முனையில் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்ட சில்லு ஒன்று இருக்கும். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளிக்கேற்ப ஓர் எண்ணைத் தரும். ஆகவே கணிப்பொறிக்குப் படமென்பது எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையே. விண்மீனின் ஒளி ஒரே கட்டத்தில் விழுவதில்லை. அண்டைக் கட்டங்களிலும் பரவும். ஒரு வரிசையில் மூன்று கட்டங்கள் 20, 60, 20 என்று காட்டினால், விண்மீன் நடுக்கட்டத்தின் நடுவில் உள்ளது. அவையே 10, 60, 30 என்று காட்டினால், அது வலப்புறம் சற்று நகர்ந்துள்ளது. எவ்வளவு? வலக்கட்டத்தின் 30இலிருந்து இடக்கட்டத்தின் 10ஐக் கழித்து, மொத்தமாகிய 100ஆல் வகுத்தால் 0.2 வரும், அஃதாவது ஒரு கட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு. கட்டத்தினும் சிறிய அளவைக் கட்டங்களைக் கொண்டே அறிந்துவிட்டோம் என்பது எத்துணை வியப்பு! எட்டாம் வகுப்பு மாணவன் கரும்பலகையில் செய்யத்தக்க கணக்கு இது. வானத்தின் பின்னணி ஒளியைக் கழித்தல், கருவியின் குறைகளைத் திருத்தல் போன்ற வேலைகள் கணிப்பொறிக்கு மேலும் உண்டு. எனினும் கருத்து இதுவே.

ஒளியை அளக்கும் கணக்குக்கும் தமிழகத்தோடு உறவு உண்டு. ஐந்து படி ஒளி வேறுபாடு சரியாக 100 மடங்கு என்று 1856இல் வரையறை கூறியவர் நார்மன் போக்சன். பின்னர்ச் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவரானவர் அவர். 1861இல் சென்னையிலிருந்து அவர் கண்ட சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயரிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற்சிறுகோள் அதுவே. அவர்க்குத் துணைவராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். போக்சனுக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் காணப்படவில்லை. 1988ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் அக்குறை தீர்ந்தது. காவலூரில் ஆர். இராசமோகன் என்னும் அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டார். 4130 என்னும் எண் பெற்ற அதற்கு, கணித மேதை இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது.

சிறுகோளைக் காண்பது எவ்வாறு? வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது கால இடைவெளியில் மீண்டும் படமெடுத்து, அப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். விண்மீன்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும். ஆனால் முதற்படமும் இரண்டாம் படமும் சற்றே சாய்ந்திருக்கலாம். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கலாம். அவற்றை எங்ஙனம் பொருத்துவது? ஈண்டுத்தான் புள்ளியும் கோடும் பற்றிய கணிதம் துணைக்கு வருகிறது. மூன்று விண்மீன்களைக் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் தோன்றும். படம் சுழன்றாலும் விரிந்தாலும் அம்முக்கோணத்தின் பக்க விகிதம் மாறாது. ஒரு படத்தின் முக்கோணங்களை மற்றதன் முக்கோணங்களோடு ஒப்பிட்டுக் கணிப்பொறி நொடியில் பொருத்திவிடுகிறது.

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் இத்துறைக்குக் கோட்டுருவியல் என்று பெயர். 1736இல் ஆய்லர் என்னும் கணித அறிஞர், கோனிக்சுபெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறையே கடந்து வர இயலாதென்று நிறுவியதே இதன் தொடக்கம். புள்ளி விண்மீனாக இருக்கலாம். பாலம் சேரும் கரையாக இருக்கலாம். சவ்வாது மலைச் சிற்றூராகவும் இருக்கலாம்.

மலையூர்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் கருதும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. இம்மலையின் தென்னடியில் உள்ள செங்கம், நன்னன் ஆண்ட செங்கண்மா என்பர். அவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் மலைபடுகடாம், வழியின் நீளத்தை மட்டும் கூறி நிற்பதில்லை. தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல், பன்றிக்கு வைத்த பொறி, வழுக்கும் பாதை ஆகிய இடர்களையெல்லாம் எடுத்துரைக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எடை உண்டென்று இன்றைய கணிப்பொறியியலார் கூறுவதும் அதுவே. குறுகிய வழியைக் காணும் படிமுறையை 1959இல் வெளியிட்ட டைக்ஸ்திரா, எடை எதுவென்று விதிக்கவில்லை. தொலைவோ நேரமோ செலவோ, கொடுப்பவர் கொடுக்கும் எண்ணே எடை. சமவெளியில் 10 கிலோமீட்டர் சாலையும், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையின் 10 கிலோமீட்டரும் ஒரே எடையுடையன ஆகா.

இனி, மின்வழிக் கல்விக்கு வருவோம். கணிப்பொறி வாயிலாகப் பாடம் கற்பிக்கும் முயற்சி 1960இல் அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் பெயரோடு தொடங்கிற்று. தமிழகத்தில் 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2020இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைய இணைப்பும் கைப்பேசியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் கற்றனர், இல்லாதவர்கள் காத்திருந்தனர். மலையூர்ப் பிள்ளைகளுக்கு அக்காத்திருப்பு நெடிதாக அமைந்ததில் வியப்பில்லை.

இணைப்பு மலையேறாததற்குச் செலவே காரணம் என்பார்கள். செலவைக் குறைக்கும் கணக்கு நூறாண்டுப் பழமையுடையது. மொராவியா நாட்டு ஊர்களுக்கு மின்கம்பி இழுக்கும் சிக்கலுக்கு, 1926இல் பொரூவ்கா என்னும் செக் நாட்டுக் கணித அறிஞர் விடை கண்டார். ஒவ்வோர் ஊரும் தனக்கு மிகக் குறைந்த செலவில் இணையக்கூடிய அண்டை ஊரைத் தேர்ந்து இணையட்டும். அவ்வாறு அமைந்த ஊர்க்கூட்டங்கள் மீண்டும் அவ்வண்ணமே ஒன்றோடொன்று இணையட்டும். எல்லாம் ஒன்றாகும்வரை இது தொடரட்டும். இதுவே அவர் கண்ட வழி. இறுதியில் கிடைக்கும் அமைப்பை மரம் என்பர். 10 ஊர்களை இணைக்க 9 கோடுகள் போதும். அவற்றுள் செலவு மிகக் குறைந்த ஒன்பதை இவ்வழி தேர்ந்து தரும்.

இங்கே நிறுத்தி எண்ணத்தக்கது ஒன்று உண்டு. இம்மரத்தின் இலக்கணமே எல்லாப் புள்ளிகளையும் அளாவி நிற்பது. ஒரு புள்ளி விடுபட்டாலும் அது விடையன்று. கடைக்கோடியில் 20 வீடுகளே உள்ள ஊர் என்பதற்காக அதனை நீக்கும் உரிமை கணக்குக்கு இல்லை. அவ்வூரை விலக்குவோர் கணக்கைத் தொடங்கும் முன்பே விலக்கிவிடுகின்றனர். பின்னர்க் கணிப்பொறி அவ்வாறு கூறிற்று என்கின்றனர். இவ்வுரையை மாணவர்கள் நம்பலாகாது. கணிப்பொறிக்கு எந்தப் புள்ளிகளைக் கொடுப்பது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர்.

செலவு குறைந்த மரத்திலும் ஒரு குறை உண்டு. ஒன்பது கோடுகளில் எது அறுந்தாலும் ஊர்கள் இரண்டாகப் பிரியும். மழைக்காலத்தில் மண்சரிவும் மரம் முறிதலும் மலைக்குப் பொதுவானவை. அந்தப் பத்து ஊர்களையும் பத்துக் கோடுகளால் ஒரு வளையமாக அமைத்தால், ஏதேனும் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபுறமாகச் செய்தி செல்லும். வளையத்திற்கு மிகுதியாகும் செலவை வீண் என்று தள்ளுவது சமவெளியிலிருந்து பார்ப்பவரின் கணக்கு. வளையம் அமையும்வரை பள்ளிகள் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. பாடங்களையும் படங்களையும் பள்ளியிலேயே ஒரு கணிப்பொறியில் சேமித்து வைத்து, இணைப்புக் கிடைக்கும்போது மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இணைப்பு வந்தபின் வருவது யாது? நகரத்தில் ஒருவர் நிகழ்த்திய பாடத்தை மலையில் பிள்ளைகள் வாய் திறவாது கேட்டிருப்பதுதான் மின்வழிக் கல்வி என்றால், அதற்கு இத்துணைக் கம்பி வேண்டுவதில்லை. பதிவு செய்த பாடம் பயனற்றது என்பதன்று. ஆசிரியர் குறைந்த பள்ளியில் அது பேருதவியே. ஆயினும் ஒருவழியாக ஓடும் பாடம், கேட்கும் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நின்றான் என்பதை அறியாது. 1985இல் துவான்யோன், பால்மாஞ் என்னும் அறிஞர் இருவர் இதற்கு வழி வகுத்தனர். பாடக் கருத்துகளையும் அவற்றுள் எது எதற்கு முற்பட்டது என்பதையும் கணித அமைப்பாக்கி, பிள்ளையின் விடைகளிலிருந்து அவன் நிற்கும் இடத்தை அறியலாம் என்று அவர்கள் காட்டினர். மேற்கூறிய 10, 60, 30 என்னும் கணக்குக்குத் தசம பின்னம் முற்பட்டது. அதற்கு வகுத்தல் முற்பட்டது. தசமத்தை அறியாத மாணவிக்கு விண்மீன் கணக்கை நூறு முறை ஒளிபரப்பினாலும் விளங்காது. ஒரு படி பின்சென்று தொடங்கினால் ஒரு நாளில் விளங்கும். அப்படி பின்செல்லும் முடிவைக் கணிப்பொறி பரிந்துரைக்கலாம். அருகில் அமர்ந்து சிலேட்டைப் பார்த்து, தவற்றின் காரணத்தை உணர்ந்து, தோளில் தட்டிக்கொடுப்பவர் ஆசிரியரே. மின்வழிக் கல்வி ஆசிரியர் இடத்தை நிரப்புமென்று கூறி மலைப்பள்ளிக்கு ஆசிரியரை அனுப்பாதிருப்பது பெருங்கேடு.

காவலூர்க் குவிமாடத்தினின்றும் சில மணி நேரம் நடந்தால் எட்டும் ஊர்ப் பிள்ளைகள், அக்குவிமாடத்துள் நடக்கும் தொழிலை அறியாது வளர்வது முறையன்று. அம்மலையின் இருளே அவ்வாய்வுக்கு முதல். இரவில் தேவையற்ற விளக்குகளைக் குறைத்தும், தெருவிளக்குகளைக் கீழ்நோக்கி அமைத்தும் அவ்விருளைக் காக்கவேண்டியவர்களும் அம்மக்களே. காக்கும் பொருளின் பயனைக் காப்போர் அறிதல் வேண்டும்.

இதற்குப் புதுக்கருவி எதுவும் வேண்டுவதில்லை. பன்னாட்டு வானியல் தேடல் கூட்டமைப்பு ஒன்று, ஹவாய்த் தீவுகளின் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளி மாணவர்க்கு விலையின்றி அனுப்பி, சிறுகோள்களைத் தேடச் செய்கிறது. இந்திய மாணவர் பலரும் அதில் பங்கு கொண்டுள்ளனர். அப்படங்களை அளக்க ஓரளவு ஆற்றலுள்ள ஒரு கணிப்பொறியும் சில மணி நேரப் பயிற்சியும் போதும். சமுனாமரத்தூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி அதனைச் செய்வதற்கு இன்று தடையாக நிற்பன இரண்டு. ஒன்று, மழை நாளிலும் அறாத இணைப்பு இல்லாமை. மற்றொன்று, பயிற்சிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பது. முன்னதற்குப் பொருளும் காலமும் வேண்டும். பின்னதற்குத் தமிழும் வானியலும் அறிந்த ஆசிரியர் இருவர் ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டால் போதும். அதனை இவ்வாண்டே தொடங்கலாம்.