வளவுக்குள் ரெடிமேட் அறை: பகல் 2 மணிக்கு உள்ளே யார்?



வீட்டு வளவுக்குள் ரெடிமேட் அறை ஒன்று வைக்கும் பேச்சு நம் ஊர்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பெனல் பூட்டி எழுப்பும் அறை, பழைய கன்டெய்னரை வெட்டிச் செய்யும் அறை, முழுதாகச் செய்து லொறியில் கொண்டுவந்து இறக்கும் கெபின் என்று பல வகை. போனைத் திறந்தால் விளம்பரம். பச்சைப் புல், கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு. பார்க்க அழகுதான்.

ஆசைப்படுவதில் பிழையும் இல்லை. நம்மில் பலருக்கு இருப்பது 8 பேர்ச், 10 பேர்ச் காணி. ஒரு பேர்ச் என்பதே 272 சதுர அடிதான். மேசன் பாஸைப் பிடித்து ஓர் அறை கட்டி முடிக்க மாதக்கணக்காகும். ரெடிமேட் என்றால் சில நாள் வேலை. தேவை முடிந்தால் கழற்றலாம், விற்கலாம். ஆகவே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. விலையையும் நிறத்தையும் பற்றி நூறு கேள்வி கேட்கும் நாம், கேட்க மறக்கும் ஒரு கேள்வியைத்தான் ஞாபகப்படுத்துகிறோம். கச்சான் வீசும் மாதத்தில், பகல் 2 மணிக்கு, அந்த அறைக்குள் இருக்கப்போவது யார்?

நம் பக்கத்து வழக்கம் நமக்குத் தெரியும். வீடு மகளுக்கு. மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்தால் வாப்பாவும் உம்மாவும் குசினிப் பக்கம் ஒதுங்குவார்கள். இன்று அந்தக் குசினிப் பக்கத்தின் இடத்துக்குத்தான் வளவு அறை வருகிறது. "ஒஃபிஸ் ரூம்" என்று வாங்கியதற்குள் நாலைந்து வருடத்தில் உம்மாவின் கட்டில் போய்விடும். இல்லையென்றால் அது ஓ.எல், ஏ.எல் பிள்ளை படிக்கும் அறை, அல்லது டியூஷன் வகுப்பு. காசு அனுப்பும் மகன் கட்டாரில். டிசைன் தெரிவு செய்யும் மருமகன் பகலில் வேலையில். சூட்டை அனுபவிக்கப்போகும் ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தகரச் சூடு நமக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டில்களில் நம் ஆட்கள் இருந்தார்கள். பகலில் உள்ளே இருக்க முடியாமல் மர நிழல் தேடினார்கள். தற்காலிகம் என்று கொடுக்கப்பட்டவற்றில் பலர் வருடக்கணக்கில் இருந்தார்கள். அதைக் கண்ட நாம், அதே தகரத்துக்கு நிறம் பூசிக் கொடுத்தால் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கக் கூடாது.

வாங்குவதென்றால் இவற்றைப் பாருங்கள்.

சுவருக்குள் என்ன? பெனல் என்பது இரண்டு மெல்லிய தகட்டுக்கு நடுவில் ஒரு பொருளை வைத்து ஒட்டியது. மலிவானதில் ரெஜிபோம் இருக்கும். அது சூட்டைக் குறைக்கும், ஆனால் தீப்பிடித்தால் உருகி எரியும், நச்சுப் புகை வரும். ரொக்வூல் எரியாது, விலையும் பாரமும் கூட. "இன்சுலேஷன் போட்டிருக்கு" என்ற வாய்ப்பேச்சு போதாது. என்ன பொருள், எத்தனை மில்லிமீற்றர் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆகக் கூடிய வெயில் கூரையில்தான் விழும், அங்கே தடிப்புக் குறையக் கூடாது. பிள்ளைகள் கூடும் அறை என்றால் வெளியேற இரண்டு வழி கட்டாயம். வயரிங்கில் எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் இல்லாத உலோக அறைக்குள் யாரையும் விடாதீர்கள்.

நிழல். அறை வைக்க இடம் வேண்டும் என்று முதலில் வெட்டுவது மாமரத்தை. பிறகு சூடு தாங்காமல் ஏசி. சிறிய ஏசி மணித்தியாலத்துக்கு அரை யுனிட் என்று குறைத்துக் கணக்குப் பார்த்தாலும், 8 மணித்தியாலத்துக்கு 4 யுனிட், மாதம் 120 யுனிட். வீட்டுப் பாவனையோடு சேர்ந்து 180ஐத் தாண்டினால் மிச்சத்துக்கு ஆகக் கூடிய கட்டணம். மரத்தை விட்டுவையுங்கள். விழக்கூடிய கிளையை மட்டும் கழியுங்கள். மரமே இல்லாத வளவென்றால் அறையின் கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடுங்கள். எதிரெதிரே ஜன்னல் வைத்து, ஒன்றைக் கடல் காற்று வரும் பக்கம் வையுங்கள்.

அளவு. 20 அடி கன்டெய்னரின் உள் அகலம் 7 அடி 8 அங்குலம். உள்ளே பலகையும் இன்சுலேஷனும் அடித்தால் இன்னும் குறையும். வீல் செயார் ஒன்றைத் திருப்பவே 5 அடி வேண்டும். கட்டிலைப் போட்ட பிறகு மிச்சம் எவ்வளவு என்று நிலத்தில் கோடு கீறிப் பாருங்கள். டொயிலட் எங்கே என்றும் கேளுங்கள். மார்கழி மழையில், நடுச்சாமத்தில், வயதானவர் வளவைக் கடந்து போக முடியுமா?

காற்றும் வெள்ளமும். 1978 நவம்பர் சூறாவளியை நம் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். பெனல் அறை பாரம் குறைந்தது. கொங்கிரீட் அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கித் தருகிறார்களா, நாலு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்களா? வளவில் வெள்ளம் நின்ற உயரத்தை விட அடித்தளம் மேலே இருக்கிறதா? கடலுக்குப் பக்கத்தில் துருவுக்கு எத்தனை வருட உத்தரவாதம்?

அனுமதி. "கழற்றிற சாமான்தானே, அனுமதி தேவையில்லை" என்று விற்பவர் சொல்லக்கூடும். முற்பணம் கொடுக்க முன் நம்முடைய சபையில் போய்க் கேளுங்கள். அயல் வீட்டு மதில், கிணறு, மலசலகூடக் குழி எல்லாம் அதில் வரும். கிரேன் லொறி நம் ஒழுங்கைக்குள் திரும்புமா என்றும் அளந்து பாருங்கள். காணி ஒரு பிள்ளையின் பெயரில், அறைக்கான காசு இன்னொரு பிள்ளையுடையது என்றால், அறை யாருக்கு என்று அன்றே எழுதி வையுங்கள்.

இவ்வளவும் சரியென்றாலும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. அதே ஆள் பூட்டிக் கொடுத்த அறை இருக்கும் வீடு ஒன்றைக் கேட்டு, லுஹர் தொழுத கையோடு உம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேனை மட்டும் போட்டு ஒரு மணித்தியாலம் உள்ளே இருங்கள். பத்து நிமிடத்தில் அவர் எழும்பி வெளியே வந்தால் பதில் கிடைத்துவிட்டது.

கடைசியாக நம் கருத்து. வளவு அறை வைப்பதென்றால் அதற்குள் இளம் ஆட்கள் போகட்டும். பகலில் அவர்கள் வீட்டில் இல்லை. தகரம் சீக்கிரம் சுடுவது போலவே இரவில் சீக்கிரம் ஆறியும் விடும், அவர்களுக்குப் படுக்க அது போதும். ஓட்டுக் கூரைக்குக் கீழே, டொயிலட்டுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் அறை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும். அந்த வீட்டை மேசனோடு நின்று கட்டியவர்கள் அவர்கள்தான்.

ஏற்கெனவே இப்படி அறை வைத்தவர்கள், பகலில் அதற்குள் இருக்கும் ஆளிடம் கேட்டு, அவர் சொன்னதைக் கீழே எழுதுங்கள். வாங்க இருப்பவர்களுக்கு விளம்பரத்தை விட அது உதவும்.