தடை பாதுகாப்பு ஆகாது

2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்காக ஊர்விட்டு வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நால்வர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தனர். அதன் பிறகு எல்லாம் வழக்கமான வரிசையில் நடந்தன: இரங்கல், நிவாரணத் தொகை, பணியிடை நீக்கம். ஊரார் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களின் பொறுப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆற்றின் ஆழமும் இழுப்பும் அறியாமல் பிள்ளைகளை இறங்கவிடுவது மன்னிக்கத்தக்கதன்று. ஆனால், ஓடும் நீரைப் பற்றி அந்தச் சிறுமிகளுக்கு அதற்கு முன்பு யார், எப்போது, என்ன சொல்லித் தந்தார்கள் என்ற கேள்வி எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஒரு தடை பிறக்கிறது. சுற்றுலா வேண்டாம், மலையேற்றம் வேண்டாம், நீர்நிலைப் பக்கம் போகக் கூடாது என்று சுற்றறிக்கை வருகிறது. கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகை நடப்படுகிறது. அதிகாரிக்கு அது கவசம். பிள்ளைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு சிறுவர்கள் சேர்ந்து கிணற்றுக்குப் போகும்போது சுற்றறிக்கை அங்கே உடன் போவதில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. கோடை விடுமுறையில் நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டுபவர்களுக்கு இதற்குப் புள்ளிவிவரம்கூடத் தேவையில்லை.

முன்பெல்லாம் கிராமத்துப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பாசனக் கிணற்றில் நீச்சல் பழகினார்கள் என்று பெரியவர்கள் பெருமையோடு நினைவுகூர்வதுண்டு. உண்மைதான். ஆனால் அந்தப் பள்ளி பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே திறந்திருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எல்லாக் கிணற்றிலும் இறங்கிவிட முடிந்ததுமில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, திறந்த கிணறுகள் வறண்டும் தூர்ந்தும் போனபின், குறையுள்ள அந்த ஏற்பாடும் இல்லாமல் போயிற்று. அதன் இடத்தில் நாம் எதையும் வைக்கவில்லை. மாநகரங்களில் கட்டணம் கட்டக்கூடியவர்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் இருக்கிறது. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளரும் பிள்ளைக்கு எச்சரிக்கைப் பலகை மட்டும்தான்.

பணமில்லை என்பது இதற்குப் பதிலாகாது. நம்மைவிட வசதி படைத்ததல்லாத வங்கதேசத்தில், கிராமக் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, 4 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தந்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும். 30 விநாடி மிதக்க வேண்டும். தத்தளிக்கும் இன்னொருவரைக் கரையில் நின்றபடியே மீட்கத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடத்திட்டம். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்பதை ஆய்வு உறுதிசெய்தது.

இவற்றுள் மூன்றாவது பாடம்தான் நமக்கு மிக அவசரமானது. ஒருவர் மூழ்குவதைக் கண்டு இன்னொருவர் குதிப்பதும், அவரைப் பிடிக்க மூன்றாமவர் இறங்குவதுமாகவே ஒரே இடத்தில் பல உயிர்கள் போகின்றன. அது அன்பினால் நேரும் சாவு. அறிவுரையால் நிற்காது, பழக்கத்தால் மட்டுமே நிற்கும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரை சேர்த்தனர். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. விருது தந்த அதே அரசு அந்தச் செயலை ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு மைதானத்தில் வைத்துச் செய்துகாட்டிப் பழக்கியிருந்தால், அது விருதினும் பெரிய மரியாதையாக இருந்திருக்கும்.

விபத்துக்குப் பின் ஒரு சமூகம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடா நிகழ்வைச் சொல்லலாம். 1993 மார்ச் 22 அன்று, ஒரு சாகசப் பயிற்சி மையத்தின் சார்பில் துடுப்புப் படகுகளில் கடலுக்குள் சென்ற பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் நால்வர் இறந்தனர். அங்கே பாதுகாப்பு போதாது என்று முன்னாள் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர். அந்தக் கடிதமே நிர்வாகத்துக்கு எதிரான சாட்சியாயிற்று. 1994இல் நிறுவனம் ஆட்கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் ஒரு நிறுவனம் அவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதன் நிர்வாக இயக்குநர் சிறை சென்றார். 1995இல் தனிச்சட்டம் வந்தது: 18 வயதுக்குட்பட்டோரைக் கட்டணத்துக்கு மலையேற்றம், பாறையேற்றம், குகைப் பயணம், நீர் விளையாட்டுகளுக்கு அழைத்துச் செல்பவர் உரிமம் பெற்றாக வேண்டும். பிள்ளைகள் கடலுக்குப் போவதை அந்நாடு நிறுத்தவில்லை. தகுதியில்லாதவர் அழைத்துப் போவதை நிறுத்தியது.

இங்கே நிலைமை வேறு. மத்திய சுற்றுலா அமைச்சகம் சாகசச் சுற்றுலாவுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2018இல் வெளியிட்டது. பின்பற்றாதவரைத் தண்டிக்கும் வலு அவற்றுக்கு இல்லை. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரியில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். பெரும்பாலானோர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. இதைச் சாகசம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

பிள்ளைகள் அறிந்து எதிர்கொள்ள வேண்டிய இடரும் உண்டு, பெரியவர்கள் அவர்களுக்காக வெட்டி வைத்திருக்கும் குழியும் உண்டு. மரத்தின் எந்தக் கிளை தாங்கும், வழுக்குப் பாறையில் எங்கே கால் வைப்பது, வெள்ளம் ஏறும்போது எப்போது திரும்புவது என்பதெல்லாம் பிள்ளை உடம்பால் கற்க வேண்டியவை. சிராய்ப்பும் கொஞ்சம் பயமும் அதில் அடங்கும். ஆனால் நேற்றுவரை முழங்கால் அளவு நீர் ஓடிய ஆற்றில், களவாக மணல் அள்ளியதால் உருவான இரண்டு ஆள் ஆழப் பள்ளத்தை எந்தப் பயிற்சியும் காட்டிக்கொடுக்காது. அங்கே ஒரு பிள்ளை இறந்தால், ‘ஆழம் தெரியாமல் காலை விட்டான்’ என்று எழுதி வழக்கை முடிப்பது பொய். பள்ளம் தோண்டியவரும் அதைப் பார்த்தும் பாராதிருந்தவரும் அந்த வழக்கில் குற்றவாளிகளாக நிற்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை வீட்டுக்குள் கைபேசியோடு வைத்திருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பதினெட்டு வயதில் அவன் கல்லூரி நண்பர்களோடு அருவிக்குப் போகத்தான் போகிறான். அன்று அவனோடு யாரும் இருக்கப் போவதில்லை. மகள்களின் நிலை இதைவிட மோசம். நீச்சல் உடையைப் பற்றிய கூச்சத்துக்காக அவர்களிடமிருந்து உயிர்பிழைக்கும் வழியையே மறைத்திருக்கிறோம். உடுத்தும் உடையோடே நீந்தப் பழக்கலாம், அதுவே பயனுள்ளதும்கூட.

2025இல் மணப்பாறையில் சாரண சாரணியர் வைர விழாப் பெருந்திரளணியை நடத்திக் காட்டிய மாநிலத்துக்கு ஏற்பாட்டுத் திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எனவே அரசிடம் நாம் கேட்பவை தெளிவானவை. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆண் பெண் பேதமின்றி, மிதக்கவும் நீந்தவும் கரையிலிருந்து மீட்கவும் பயிற்சி தர வேண்டும். தீயணைப்பு மீட்புப் பணித் துறையினரும் கடலோர மீனவ இளைஞர்களும் ஊதியத்துடன் இதற்கு அமர்த்தப்பட வேண்டும். பள்ளிப் பயணம் எதுவாயினும், செல்லுமிடத்தை ஒருவர் முன்கூட்டிப் பார்த்து, என்ன ஆபத்து இருக்கிறது என எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிள்ளைகளைச் சாகசப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் தனியார் எவராயினும் உரிமமும் ஆய்வும் சட்டப்படி கட்டாயமாக வேண்டும். ஒரு பிள்ளை இறந்தால், விசாரணை உடன் சென்ற ஆசிரியரோடு நின்றுவிடாமல், பயிற்சிக்கு நிதி ஒதுக்காதவர் வரை மேலேறிச் செல்ல வேண்டும். அந்த அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட வேண்டும்.