வழக்கமும் பழக்கமும்

தமிழர் பேசும் ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் சிறு தொடர் ஒன்று உண்டு. 'யூஸ்ட் டு' என்பது அது. "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்" என்கிறார் ஒரு நண்பர். தினந்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது தம் வழக்கம் என்று சொல்வதாக அவருடைய எண்ணம். ஆனால் அந்த வாக்கியத்தின் பொருளோ, "முன்னொரு காலத்தில் ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன், இப்பொழுது அப்படி இல்லை" என்பதாகும். கேட்பவர் ஆங்கிலம் நன்கு அறிந்தவராயின், "பாவம், எப்பொழுதிலிருந்து இந்தச் சோம்பல்?" என்று மனத்திற்குள் நினைத்துக்கொள்வார்.

நண்பர்களின் பேச்சில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எழுத்தில் வரும்பொழுதுதான் சங்கடம். என்னிடம் படித்துப் பின்னர் பட்டமும் பெற்ற வாலிபன் ஒருவன், உத்தியோகத்திற்குத் தான் எழுதிய மனுவைக் கொண்டுவந்து காட்டினான். நல்ல கையெழுத்து; மரியாதையான நடை. நடுவிலே தன் குணங்களைச் சொல்லும் இடத்தில், "ஐ யூஸ்ட் டு ஒர்க் ஹார்ட் அண்ட் ஐ யூஸ்ட் டு பி பங்க்சுவல்" என்று எழுதியிருந்தான். கடுமையாக உழைப்பவன், நேரந்தவறாதவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பினான். அவன் சொல்லியதோ, "ஒரு காலத்தில் உழைத்தேன், நேரத்திற்கு வந்தேன், இரண்டையும் விட்டாயிற்று" என்பது. இப்படித் தன்மேல் தானே குற்றப் பத்திரிகை தாக்கல் செய்துகொள்பவனுக்கு எந்த எஜமானர் வேலை கொடுப்பார்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பிழையான வாக்கியத்தைப் படிக்கிறவர், எழுதியவனுடைய கருத்து இன்னதென்று ஊகித்துத் திருத்திக்கொள்வார். பிழையற்ற வாக்கியத்தை அதன் பொருளிலேயே ஏற்றுக்கொண்டு அடுத்த மனுவைக் கையில் எடுப்பார்.

இந்தத் தடுமாற்றத்திற்குக் காரணம் 'வழக்கம்' என்ற நம்முடைய சொல். பள்ளிக்கூடத்தில் 'யூஸ்ட் டு' என்பதற்கு 'வழக்கம்' என்று பொருள் சொல்லிக் கொடுத்து விடுகிறோம். அது பாதி உண்மை. 'எழுவது வழக்கம்' என்னும்பொழுது அதில் காலங் காட்டும் உறுப்பே கிடையாது. நேற்றைய வழக்கமா, இன்றைய வழக்கமா என்பதை முன்பின் வரும் சொற்களே காட்ட வேண்டும். ஆங்கிலத் தொடரோ தன் காலத்தைத் தன்னோடு கட்டிக்கொண்டே வருகிறது. அதற்கு இறந்த காலம் ஒன்றுதான் உண்டு.

எப்பொழுதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு நிகழ்காலமும் இருந்தது. 1611-ம் ஆண்டில் வெளியான ஆங்கில விவிலியத்தில், 119-வது சங்கீதத்திலே, நிகழ்கால வழக்கத்தைக் குறிக்க இவ்வினை வந்திருப்பதைக் காணலாம். பிற்காலத்தில் அந்த வடிவம் சிறுகச் சிறுக மறைந்து, இறந்த கால வடிவம் மட்டும் எஞ்சிவிட்டது. ஆகவே, நம்மவர்கள் தேடுகிற சொல் ஒரு காலத்தில் அங்கே இருந்ததுதான். நாம் போய்ச் சேர்வதற்குள் வீட்டைக் காலி செய்து விட்டது. இன்று, நிகழ்கால வழக்கத்திற்குச் சாதாரண நிகழ்கால வினையே போதும். "ஐ கெட் அப் அட் ஃபைவ்" என்றால் தினமும் எழுகிறேன் என்றே பொருள். வழக்கம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'யூஷுவலி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உரிய இடத்தில் வந்தால் 'யூஸ்ட் டு' மிகவும் அழகான தொடர். "தேர் யூஸ்ட் டு பி எ வெல் ஹியர்" என்றால், இங்கே ஒரு கிணறு இருந்தது என்பதோடு, அது இப்பொழுது இல்லை என்பதும் தானே தொனிக்கும். இதனாலேயே பெரியவர்களைப் பற்றிப் பேசுகையில் எச்சரிக்கை வேண்டும். "மை ஃபாதர் யூஸ்ட் டு ரீட் தி கீதா எவ்ரி மார்னிங்" என்று ஒரு பையன் சொன்னால், கேட்பவர் குரலைத் தாழ்த்தி, "எப்பொழுது காலமானார்?" என்று துக்கம் விசாரிக்கக்கூடும். தகப்பனாரோ உள்ளே கூடத்தில் உட்கார்ந்து கீதையைப் படித்துக்கொண்டிருப்பார்.

இனி, இதன் உடன்பிறப்பைப் பார்ப்போம். "ஐ ஆம் யூஸ்ட் டு" என்று முன்னால் ஒரு துணைவினை வந்துவிட்டால் பொருள் மாறிவிடுகிறது. முன்னது வழக்கம், இது பழக்கம். 'வெயிலுக்குப் பழகியவன்' என்கிறோம் அல்லவா? "ஐ ஆம் யூஸ்ட் டு தி ஸன்" என்பது அதுவே. இங்கே வரும் 'டு' நம்முடைய நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' போன்றது. உருபுக்கு இடங் கொடுப்பது பெயர்ச்சொல். ஆகையால் வினை வந்தாலும் தொழிற்பெயராகி, 'இங்' என்னும் விகுதியோடுதான் வர வேண்டும். "ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் லேட்" என்பது சரி. "ஒர்க் லேட்" என்பது தவறு. ஆனால் "ஐ ஆம் யூஸ்ட் டு ஹார்ட் ஒர்க்" என்பதும் சரியே. அங்கே 'ஒர்க்' வினையன்று. உழைப்பு என்னும் பெயர். நம் வாலிபனுடைய மனுவில் இதை எழுதி, முன்னிருந்ததை அடித்துவிட்டோம். இத்தொடருக்குக் கால நிர்ப்பந்தமும் இல்லை: 'வாஸ் யூஸ்ட் டு' என்றால் பழகியிருந்தேன், 'கெட் யூஸ்ட் டு' என்றால் பழகிக்கொள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதற்கு அதிக இடம் வேண்டியதில்லை. "எ நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்" என்பதில், கத்தி காய்கறி நறுக்கப் பயன்படுகிறது என்பதே பொருள். இங்கே 'டு' உருபு அன்று. 'நறுக்க' என்னும் வினையெச்சத்தைக் காட்டுவது. எழுத்தில் மூன்றும் ஒன்றே ஆயினும் செவிக்கு வேற்றுமை உண்டு. முன்னிரண்டிலும் நடுவில் வரும் ஒலி பாம்பின் சீறல் போன்றது. கத்தி வாக்கியத்தில் வருவது வண்டின் ரீங்காரம் போன்றது. தமிழில் அந்த ரீங்காரத்திற்கு எழுத்து இல்லாமையால், இரண்டையும் நாம் ஒன்றாகவே ஒலித்துவிடுகிறோம்.

வழக்கத்தைக் குறிக்கும் தொடரை ஒரே மூச்சில் சொல்வதால், 'யூஸ்ட்' என்பதன் இறுதி ஒலி அடுத்த 'டு'வில் கரைந்துபோகிறது. இதனால் ஆங்கிலேயப் பிள்ளைகளும் கடைசி எழுத்தை விட்டுவிட்டு எழுதுவதுண்டு. அவ்வெழுத்து நியாயமாகவே விடுபடும் இடம் 'டிட்' வரும் கேள்வியும் எதிர்மறையுமாகும்: "டிட் யூ யூஸ் டு ஸ்விம்?" காலத்தை 'டிட்' சுமந்துகொள்வதால் வினைக்கு அச்சுமை இல்லை. பழைய புத்தகங்களில் "யூஸ்ட் யூ டு ஸ்விம்?" என்றிருப்பதைக் கண்டு குழந்தைகள் கேட்டால், அது அச்சுப் பிழையன்று, அருகிவிட்ட பழைய நடை என்று சொல்லலாம்.