மாவு பூசி வந்த வீரர்

குத்துச்சண்டை என்றால் என் அப்பாவுக்கு முகமது அலி மட்டும்தான். 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் மோத அலி வந்த கதையை நாம் கேட்காமலேயே சொல்வார். "ஆடிக்கிட்டே அடிப்பாரும்மா, அதுக்கு முன்னால யாரு ஆடுனா?" என்பார்.

போன வாரம்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அலி பிறப்பதற்கு முன்பே ஜெர்மனியில் ஒருவர் ஆடியிருக்கிறார். பெயர் யோஹான் ட்ரோல்மன். ஹானோவரில் வளர்ந்தவர், 'ஜிப்சி' என்று ஒதுக்கப்பட்ட சின்டி இனத்தவர். (நம்மூர் ஜவுளிக்கடைச் சிந்திகள் வேறு!)

1933 ஜூன் 9. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஐந்தாவது மாதம். பெர்லினில் லைட் ஹெவிவெயிட் தேசியப் பட்டத்துக்காக அடோல்ஃப் விட் என்பவருடன் மோதல். ட்ரோல்மன் நன்றாகவே முன்னிலையில் இருந்தும் பட்டம் தர அதிகாரிகளுக்கு மனமில்லை. ரசிகர்கள் போட்ட கூச்சலில் வேறு வழியின்றிக் கொடுத்தார்கள். அவர் மேடையிலேயே அழுதுவிட்டார். சில நாள்களில் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். ஆட்டம் சரியில்லையாம், அழுதது வீரனுக்கு அழகில்லையாம்!

ஜூலை 21-இல் குஸ்தாவ் எடருடன் அடுத்த சண்டை. இந்த முறை ஆடக்கூடாது, நின்றுதான் சண்டை போட வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். ட்ரோல்மன் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் அடித்து, உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசிக்கொண்டு மேடையேறினார். நீங்கள் கேட்ட ஜெர்மானியன் இதோ என்பது போல. காலை நகர்த்தாமல் நடுவில் நின்று அடி வாங்கினார். ஐந்தாவது சுற்றில் விழுந்தார்.

என் முதல் குரல் தேர்வில், "பேச்சுல எஸ்டேட் வாடை அடிக்குது, மாத்திக்குங்க" என்றார்கள். இரண்டே நாளில் மாற்றிக்கொண்டேன். கேலி செய்யக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரைப் பற்றிப் படித்தபோது அதுதான் உறுத்தியது.

அதன் பிறகு அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். ராணுவத்தில் சேர்த்தார்கள். 1942-இல் கைது செய்து நொயன்கம்மே வதைமுகாமில் அடைத்தார்கள். பட்டினியில் மெலிந்திருந்தவரை அங்கேயும் குத்துச்சண்டை போட வைத்தார்கள். 1944-இல் விட்டன்பெர்க துணை முகாமில் கொல்லப்பட்டார். வயது 36.

பறித்த பட்டத்தை ஜெர்மன் குத்துச்சண்டைச் சம்மேளனம் 2003-இல் திருப்பிக் கொடுத்தது. குடும்பத்தார் வாங்கிக்கொண்டார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"முதுகுக்கு யாரும்மா மாவு பூசி விட்டிருப்பா?" என்று கேட்டார்.